ஒன்பது பக்க இலக்கியம்

ஒன்பதே பக்கங்கள். அச்சேறாத நூல். விலையும் இல்லை, முன்னுரையும் இல்லை. படித்தவர் பலர், "படித்தேன்" என்று சொல்ல முன்வந்தவர் எவருமில்லை. எழுதியவர் சிரித்தனர், படித்தவரும் சிரித்தனர். எழுதப்பட்டவர்களோ, சிரித்தவர்களை நண்பர்கள் என்று நம்பி, நான்கு ஆண்டுகள் உடன் பழகினர்.

எங்கே எழுந்தது இந்த ஏடு? இருட்டு மூலையிலா? கள்ளுக்கடைத் திண்ணையிலா? அங்கு எழுந்திருந்தால், "படிப்பில்லாதவர்கள், பாவம்!" என்று கூறிப் பெரியவர்கள் நகர்ந்திருப்பர். அங்கன்று! அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1636இல் தோன்றிய ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில்! குடியரசுத் தலைவர்களை ஈன்ற கூடத்தில், உலகப் பேரறிஞர் உலவும் சோலையில்! அப்பல்கலைக்கழகத்து ஆண்கள் கால்பந்துக் குழுவினர் 2012ஆம் ஆண்டில் மின்னஞ்சல் வழியே தமக்குள் சுற்றுக்கு விட்ட ஏடு அது. 2016 அக்டோபர் 24 அன்று, அங்குள்ள மாணவர் நாளேடான 'ஹார்வர்டு கிரிம்சன்' அதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

இலக்கிய ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். நூல் என்று வந்துவிட்டால் விமர்சனம் உண்டு. வடிவம் என்ன, பொருள் என்ன, வாசகர் யார், மரபு எது என்று பார்ப்பது விமர்சனம். அந்த நான்கையும் பார்ப்போம். ஏட்டின் ஆபாச வரிகளை மட்டும் எடுத்து எழுதமாட்டோம். சேறு இருக்கிறது என்று சொல்ல, அதனை அள்ளிப் பூசிக்காட்ட வேண்டியதில்லை.

முதலில் வடிவம். விளையாட்டுலகில் 'ஸ்கௌட்டிங் ரிப்போர்ட்' என்றொரு குறிப்பு உண்டு. எதிரணியின் ஆட்டத்தை முன்கூட்டியே பார்த்துவந்து, இவன் இடக்காலால் உதைப்பான், அவன் களைத்தால் தடுமாறுவான், இந்தப் பக்கம் காவல் குறைவு என்று எழுதி வைப்பர். வெல்ல விரும்பும் குழுவுக்கு அது தேவை, தவறில்லை. ஹார்வர்டுக் காளையர் கையாண்டது அந்த வடிவத்தைத்தான். ஆனால் யாரைப் பற்றி? பகையணியைப் பற்றியா? இல்லை! அதே பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த சட்டையணிந்து, அதே கொடிக்காக ஆட வந்த பெண்கள் கால்பந்துக் குழுவின் புதுமுகங்களைப் பற்றி! தோழமைக் குழுவை எதிரணியாக்கிற்று அந்த வடிவம். எதிரணியை இரையாக்கிற்று அதன் உள்ளடக்கம்.

அடுத்தது பொருள். பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு பத்தி. இணையத்தில் பொறுக்கியெடுத்த படம். தோற்றத்துக்கு ஓர் எண். அம்மட்டோ? முன்வரிசை, நடுவரிசை, காவல்வரிசை என்று ஆட்டக்காரர்க்கு இடம் ஒதுக்குவது போல, ஒவ்வொருத்திக்கும் படுக்கையில் ஓர் 'இடம்' ஒதுக்கி எழுதினர்! பள்ளி வாழ்வை அப்போதுதான் முடித்து, பதினெட்டு வயதை ஒட்டி நின்று, பெரும் பல்கலைக்கழகத்தின் வாயிலில் காலெடுத்து வைத்த பெண்கள் அவர்கள். பந்தாட்டத் திறமையால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். அந்தத் திறமையை அளக்கவா இவர்கள் அளவுகோல் எடுத்தனர்?

ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு மதிப்பெண் பழகிய பொருள். கேள்வி கேட்போம், விடை வாங்குவோம், பிறகு எண் இடுவோம். இங்கோ தேர்வு எழுதாதவருக்கு மதிப்பெண்! விண்ணப்பம் போடாதவருக்குத் தரம்! தேர்வாளர் என்று இவர்களை அமர்த்தியவர் யார்? எவருமில்லை. ஆணாய்ப் பிறந்தோம், அது போதும் என்ற நினைப்பு ஒன்றே நியமன உத்தரவு. பிறப்பினால் ஒருவன் நீதிபதியாவதும், பிறப்பினால் ஒருத்தி குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவதும் நமக்குப் புதியதா, தோழர்களே? வேறு பெயரில் நாம் நன்கறிந்த நோய்தானே இது?

மூன்றாவது, வாசகர். நூலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. பெண்ணிடம் காட்டுவதற்காக எழுதப்பட்டதன்று இந்த ஏடு. பெண்ணின் அன்பைப் பெற உதவுவதுமன்று. ஆணுக்காக ஆண் எழுதியது. மூத்தவன் எழுதுகிறான், இளையவன் படிக்கிறான், படித்துவிட்டுச் சிரிக்கிறான். சிரித்த மாத்திரத்தில் அவன் குழுவில் ஒருவனாகிறான். சிரிக்கத் தவறினால்? "என்னடா, நீயும் ஓர் ஆண்தானா?" என்ற கேள்வி காத்திருக்கிறது. குழுவில் சேர அவன் செலுத்த வேண்டிய சந்தா, அந்தச் சிரிப்பு!

ஒருமுறை சிரித்தவன் பிறகு காட்டிக்கொடுக்க முடியாது. அவனும் பங்காளி. அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே அடங்க வேண்டும் என்ற எழுதாச் சட்டத்துக்கு அவன் கையொப்பமிட்டு விட்டான். ஆகவே, பெண்ணை இழிவு செய்வது அங்கு முடிவான நோக்கம்கூட அன்று, அது கருவி. ஆணை ஆணோடு பிணைத்துக் கட்டும் கயிறு. அந்தக் கயிற்றைத் திரிக்க எடுத்த நார்தான் பெண்ணின் மானம்.

"யாரோ ஒருவன் கெட்டவன், அவன் எழுதினான். மற்றவர் என்ன செய்வர்?" என்போர், இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். படிப்பவன் இல்லையேல் எழுதுபவன் ஏது? சிரிப்பவன் இல்லையேல் நகைச்சுவையாளன் ஏது? தனி ஒருவனின் கெட்ட புத்தி அவனோடு போகும். அமைப்பின் பழக்கமோ ஆள் மாறினும் போகாது. ஹார்வர்டில் நடந்தது அதுதான். பல்கலைக்கழகத்தின் சட்ட அலுவலகம் ஆய்ந்து பார்த்தது. 2012இல் எழுதியவர்கள் பட்டம் பெற்றுப் போய்விட்டனர். ஆனால் வழக்கம் போகவில்லை. 2016இலும் அது தொடர்ந்திருந்தது! கேட்டபோது, குழுவில் இருந்தோர் உடனே உண்மையை ஒப்புக்கொள்ளவுமில்லை.

ஏன் செய்தாய் என்றால், "எனக்கு முன்னிருந்தவன் செய்தான்" என்பது விடை. அவனைக் கேட்டாலும் அதே விடை. காரணம் மறைந்து, காரியம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நடப்பதற்கு நம் நாட்டில் ஒரு பெயர் உண்டு: சம்பிரதாயம்! பட்டை தீட்டிய விஞ்ஞானமும் தத்துவமும் படிக்கும் இளைஞர்கள், மூத்தவன் காட்டிய சடங்கை மூளையைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தனர் என்றால், பட்டம் வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இன்னொரு சான்றும் வேண்டுமோ?

நான்காவது, மரபு. இந்தச் சடங்குக்குப் பாட்டன் முப்பாட்டன் உண்டு. பண்டைக் கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் விழா நடக்கும் நாட்களில், மணமான பெண் வந்து பிடிபட்டால் தைபையோன் மலையுச்சியிலிருந்து உருட்டிவிடுவது சட்டம் என்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பயண நூல் எழுதிய பௌசானியாஸ் குறித்திருக்கிறார். டெமீட்டர் என்ற பெண் தெய்வத்துக்குப் பூசை செய்பவளுக்கு மட்டும் விலக்கு. கல்லிபடைரா என்ற தாயின் கதையையும் அவர் எழுதியுள்ளார். கணவனை இழந்தவள், ஆண் பயிற்சியாளர் போல வேடமிட்டு, மகனைப் போட்டிக்கு அழைத்து வந்தாள். மகன் வென்றான். பெற்ற வயிறு களித்தது. பயிற்சியாளர் நிற்கும் வேலியைத் தாண்டிக் குதித்தாள். ஆடை விலகிற்று, உண்மை வெளிப்பட்டது. தந்தையும் உடன்பிறந்தாரும் மகனும் ஒலிம்பிய வெற்றி வீரர்கள் என்பதால் உயிர் பிழைத்தாள்.

அதற்குப் பின் என்ன செய்தனர் தெரியுமா? ஒரு தாய் தன் மகனின் வெற்றியைக் காண வேடமிட வேண்டியிருக்கிறதே என்று வெட்கினரா? இல்லை! இனிமேல் பயிற்சியாளர்களும் ஆடையின்றியே களத்துக்கு வரவேண்டும் என்று சட்டம் செய்தனர்! ஆண்கள் தாம் அம்மணமானாலும் சரி, பெண்ணுக்கு மட்டும் வழி திறவோம் என்ற பிடிவாதம் அது.

அந்த ஒலிம்பிய விழாவுக்கு மறுபிறப்பு அளித்தவர் பிரெஞ்சுப் பிரபு கூபர்தென். அவரும் 1912இல், ஒலிம்பிக் என்பது ஆண் வீரத்தைப் போற்றும் விழா, அதற்குப் பரிசு பெண்களின் கைதட்டல் என்ற கருத்தை எழுதினார். வரிசையைப் பாருங்கள்: முதலில் மலையுச்சி; பிறகு கைதட்டும் வேலை; பெண்ணே பந்தெடுத்து ஆட வந்தபோது, ஒன்பது பக்க ஏடு. களத்தில் தடுக்க இயலாதவளைக் காகிதத்தில் தள்ளிவைத்தனர்.

இந்த ஏட்டுக்கு வக்காலத்து வாங்குவோர் இல்லாமலா இருப்பர்? "உடை மாற்றும் அறைப் பேச்சு! இளைஞர்கள் நாலு பேர் கூடினால் இப்படித்தான் இருக்கும்!" என்றனர். அந்தச் சொற்றொடர் அந்த மாதத்தில் அமெரிக்காவெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதே 2016 அக்டோபர் 7 அன்று, குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற டொனால்டு டிரம்ப், பெண்களைத் தம் விருப்பம்போல் தொடலாம் என்று 2005இல் பெருமை பேசிய ஒலிப்பதிவு வெளிவந்தது. உடை மாற்றும் அறைப் பேச்சுதான் அது என்று அவர் சமாதானம் கூறினார். நவம்பர் 8 அன்று தேர்தலில் வென்றார். விளையாட்டு வீரர் சிலர் எழுந்து, "எங்கள் அறையில் அப்படிப் பேசுவதில்லை, எங்கள் பெயரைக் கெடுக்காதீர்" என்று மறுத்தனர். மறுத்தவர் வாழ்க! ஆனால் மறுப்பின் ஈரம் உலருமுன்னே ஹார்வர்டு ஏடு வெளிவந்துவிட்டதே!

பேச்சுக்குச் சுவர் உண்டோ? நான்கு சுவருக்குள் ஒருத்தியை எண்ணாக்கிப் பழகிய மனம், வெளியே வந்தவுடன் அவளை மனிதராக்கிக் காணுமோ? உடை மாறுகிறது, உள்ளமும் மாறுகிறதா? இன்று அந்த அறையில் சிரிப்பவன் நாளை அலுவலகத்தில் வேலைக்கு ஆள் எடுப்பான், நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதுவான், பள்ளியில் பாடம் நடத்துவான். அப்போதும் அவன் கையில் அதே அளவுகோல் இருக்குமே!

இந்த நூலுக்கு ஒரு மறுப்பு நூலும் வந்தது. எழுதியவர் அந்த ஏட்டில் எழுதப்பட்டவர்களே, ஆறு பெண்கள்! அதே கிரிம்சன் நாளேட்டில், முகத்தை மறைக்காமல், முழுப்பெயரோடு எழுதினர். அவர்கள் எழுதியதன் கருத்தைச் சொல்வோம். செய்தி முதலில் எட்டியபோது அவர்கள் திகைத்தனராம். ஆனால், இது வழக்கந்தானே என்பது போலத் தள்ளிவிட்டனராம். நெஞ்சைச் சுடும் இடம் இதுதான்! இழிவு செய்பவன் பழகிப்போவது கொடுமை. இழிவுக்கு ஆளானவள் பழகிப்போவது அதனினும் கொடுமை. பிறகே எண்ணினர், எண்ணியபின் எழுந்தனர். இது விளையாட்டுக் குழுவோடு நிற்கும் நோயன்று, உலகமே அந்த அறையாக இருக்கிறது என்றனர். உங்களை மன்னிப்போம், மன்னிப்பு ஒன்றைத் தவிர எங்களிடம் எதனையும் உங்களுடையதென்று உரிமை கொண்டாட முடியாது என்று முடித்தனர். எண்ணாக்கப்பட்டவர்கள் பெயராக எழுந்து நின்றனர். ஒன்பது பக்கம் எழுதியவர்க்கு இல்லாத துணிவு, ஒரு கட்டுரை எழுதியவர்களுக்கு இருந்தது. இலக்கியம் எது என்று கேட்டால், இதனைக் காட்டுவோம்.

தீர்ப்பும் வந்தது. 2016 நவம்பர் 3 அன்று, ஆண்கள் கால்பந்துக் குழுவின் அவ்வாண்டு ஆட்டங்களைப் பல்கலைக்கழகம் நிறுத்தியது. எட்டுப் பல்கலைக்கழகங்கள் மோதும் ஐவி லீக் போட்டியில் அக்குழு முதலிடத்தில் நின்ற வேளை! கோப்பை கைக்கெட்டும் தொலைவு! இருந்தும் நிறுத்தினர். அப்போது ஹார்வர்டின் தலைமை நாற்காலியில் இருந்தவர் ட்ரூ ஃபாஸ்ட் என்ற பெண்மணி. 2007இல் பொறுப்பேற்ற அவரே, 1636 முதல் அந்த நாற்காலியில் அமர்ந்த முதற் பெண். அவர் அம்முடிவை ஆதரித்தார்.

"எழுதாதவனும், எழுதியதை வெறுத்தவனும் அந்தக் குழுவில் ஒருவேளை இருந்திருப்பானே! அவனையும் சேர்த்துத் தண்டிப்பது நீதியா?" என்று கேட்பர் சிலர். நல்ல கேள்வி, ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஒன்று கேட்போம். ஒருவன் கோல் போட்டால் பதினொருவரும் கட்டித் தழுவிக் களிக்கின்றனரே, ஏன்? வெற்றி குழுவினுடையது என்பதால். வெற்றி குழுவுக்கு, இழிவு மட்டும் தனியாளுக்கா? வெறுத்தவன் இருந்திருந்தால் அவன் வெறுப்பு எங்கே ஒலித்தது? மனத்துக்குள் வெறுத்து முகத்தில் சிரித்தவனால், அந்தப் பெண்களுக்கு ஆன பயன் என்ன?

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இங்கும் ஓர் ஏடு, எழுத்தில் அன்று, பேச்சில், வெளிவந்தது. 2019 சனவரி 6 அன்று, கரண் ஜோஹர் நடத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இந்தியக் கிரிக்கெட் வீரர்களான ஹர்திக் பாண்டியாவும் கே. எல். ராகுலும் தோன்றினர். பாண்டியா பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சு நாடெங்கும் கண்டனத்தை எழுப்பிற்று. நிகழ்ச்சியின் போக்கில் மயங்கிச் சற்று மிகையாகப் பேசிவிட்டேன் என்று அவர் வருத்தம் தெரிவித்தார். ஆஸ்திரேலியாவில் இருந்த அணித்தலைவர் விராட் கோலி, அவை பொருத்தமற்ற பேச்சு, அணி அதனை ஆதரிக்கவில்லை, அவை தனிப்பட்டவர் கருத்து என்றார்.

தனிப்பட்டவர் கருத்து! எவ்வளவு வசதியான சொல்! ஊரறியக் காமிராவின் முன் அவ்வளவு எளிதாகச் சொல் வருகிறதென்றால், அந்தச் சொல் அதற்கு முன் எங்கேயும் சிரிப்பு வாங்கியதில்லை என்று நம்பச் சொல்கிறீர்களா? மேடையில் தடுமாறாமல் பேசுபவன் வீட்டில் ஒத்திகை பார்த்தவன் அல்லவா?

அப்போது இந்தியக் கிரிக்கெட் வாரியத்தை உச்சநீதிமன்றம் அமர்த்திய நிர்வாகக் குழு நடத்திவந்தது. குழுவில் எஞ்சியிருந்த இருவரில் ஒருவர் டயானா எடுல்ஜி, இந்தியப் பெண்கள் அணியின் முன்னாள் தலைவி. குழுத் தலைவர் வினோத் ராய் இரண்டு ஆட்டத் தடை போதும் எனக் கருதினார். எடுல்ஜியோ நடவடிக்கை முடிவாகும்வரை விலக்கி வைக்க வேண்டும் என்றார். சனவரி 11 அன்று இருவரும் விலக்கப்பட்டு ஊர் திரும்பினர். 24ஆம் நாள் விலக்கு நீங்கிற்று. ஏப்ரலில் ஆளுக்கு 20 இலட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

யார் இந்த எடுல்ஜி? 1986இல் இந்தியப் பெண்கள் அணியோடு இங்கிலாந்து சென்றபோது, இலண்டன் லார்ட்ஸ் மைதானத்து மாளிகையில் நுழையவிடாமல் தடுக்கப்பட்டவர்! அம்மாளிகைக்கு உரிய எம்.சி.சி. கழகம் 1787இல் பிறந்தது. 1998 செப்டம்பரில்தான் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது. இருநூற்றுப் பதினோர் ஆண்டுகள்! ஒலிம்பியாவில் ஒரு பூசாரிணிக்கு விலக்கு. லார்ட்சில் நாட்டின் அரசிக்கு விலக்கு. தெய்வத்தின் பெயரால் ஒருத்தி, மகுடத்தின் பெயரால் ஒருத்தி. வெறும் பெண்ணாக எவளும் வரலாகாது! எம்.சி.சி. என்பதன் கடைசி எழுத்தை மாற்றி, ஆண் திமிர்ப் பன்றிகள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டலாம் என்று அன்று எடுல்ஜி கேலி செய்தார்.

வாயிலில் தடுக்கப்பட்டவர், முப்பத்து மூன்று ஆண்டுகட்குப் பின் தீர்மானிக்கும் நாற்காலியில் இருந்தார். அவர் அங்கு இல்லாதிருந்தால்? இரண்டு ஆட்டத்தோடு கதை முடிந்திருக்கக் கூடும். பெண்ணுக்கு அவையில் இடம் என்பது அலங்காரத்துக்கன்று என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. ஹார்வர்டு, பழக்கத்தைப் பார்த்தது, குழுவைத் தண்டித்தது. இங்கே இரண்டு ஆட்களைப் பார்த்தனர், ஆட்களைத் தண்டித்தனர். அறைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர் இல்லை. கிளையை வெட்டிவிட்டு, வேருக்கு நீர் ஊற்றுகிறோமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, நம்மைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. கல்லூரி நாட்களில் நாமும் ஒரு பந்தாட்டக் குழுவில் இருந்தோம். போட்டி முடிந்து பேருந்தில் திரும்பும்போது, நிறுத்தந்தோறும் நின்ற பெண்களுக்கு மூத்த மாணவர்கள் எண் சொல்லுவர். "ஏழு!" "இல்லை, ஐந்து!" பேருந்தே சிரிக்கும். நாமும் சிரித்தோம். நகைச்சுவை பிடித்தா? இல்லை. சிரிக்காவிட்டால் அடுத்த ஆட்டத்தில் இடமிராதோ என்ற அச்சத்தால். கைப்பையில் பகுத்தறிவு நூல்; முகத்தில் அந்தச் சிரிப்பு!

அதோடு ஒழிந்ததா? ஆசிரியராகிய பின், சென்ற ஆண்டு பள்ளி மைதானத்தில் ஒரு சிறுவன் பந்தைத் தவறவிட்டான். "என்னடா, பெண்பிள்ளை போல ஆடுகிறாய்!" என்றொரு குரல். சொன்னது வேறு யாருமல்ல, நாமேதான். எல்லைக் கோட்டருகே, ஆட்டக்கணக்கு எழுதிக்கொண்டு ஒரு மாணவி நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஏட்டைப் பார்த்தபடியே அடுத்த புள்ளியைக் குறித்தாள். அவள் அன்று பழகிக்கொண்டிருந்தாள். பழக்கியவர் நாம். மறுநாள் அந்தப் பிள்ளைகள் முன்னிலையில் "நான் சொன்னது தவறு" என்று சொன்னோம். சொல்லுவதற்குள் நாக்கு எவ்வளவு தடுமாறிற்று என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, தோழர்களே, ஹார்வர்டு தொலைவில் இல்லை. ஆண்கள் மட்டும் கூடும் இடம் எதுவானாலும், கபடிக் குழுவோ, படிப்பகமோ, மாணவர் விடுதியோ, நம்முடைய மன்றமோ, அங்கு இந்த ஒன்பது பக்க ஏடு எழுதப்படாமலே சுற்றிவரக் கூடும். சடங்கை எதிர்க்கிறோம், சம்பிரதாயத்தைச் சாடுகிறோம் என்று முழங்கும் நாம், நமக்குள் நடக்கும் இந்தச் சடங்கை மட்டும் 'வேடிக்கை' என்று விட்டுவைக்கலாமா?

பெரிய போராட்டம் எதுவும் தேவையில்லை, தொடங்குவதற்கு. மூத்தவன் எண் சொல்லும்போது சிரிக்காத ஒருவன் போதும். அவன் உரை நிகழ்த்தக்கூட வேண்டாம், "எதற்கு இது?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். காரணம் கேட்டதும் தடுமாறாத சம்பிரதாயம் இதுவரை பிறந்ததில்லை. முதல் நாள் அவனைக் கேலி செய்வர். இரண்டாம் நாள் ஒதுக்குவர். மூன்றாம் நாள் அவனருகே இன்னொருவன் வந்து அமர்வான், அவனும் அச்சத்தால் சிரித்துக்கொண்டிருந்தவன்தான்.

அடுத்த ஆட்டத்துக்குப் பேருந்து புறப்படும்போது, அந்த ஒருவனாக நம்மில் யார் இருக்கப் போகிறோம்?